அவள் கேட்ட ஒரு ஏக்கர்

வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கும் விவசாயம் பற்றிப் பெண்களுக்கு எத்தனையோ பயிற்சிகள் நடக்கின்றன. பயிற்சி முடிந்து பல வருடம் கழித்தும் வயலில் நிற்பது எது? மராத்வாடாவிலிருந்து மன்னார்குடி வரை தேடிய பதில் இது.

“நம்ம நிலத்துல ஒரு ஏக்கரை என் பொறுப்புல விடுங்க. அதுல என்ன விதைக்கிறதுன்னு நான் முடிவு பண்றேன்.”

சின்ன வாக்கியம்தான். ஆனால், மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியில் இதைச் சொல்வதற்கே பெண்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. குழுவில் பேசிப் பேசித் தைரியம் சேர்த்துக்கொண்டு, கணவரிடமோ மாமனாரிடமோ, சில வீடுகளில் வளர்ந்த மகனிடமோ போய்க் கேட்டார்கள். அதே நிலத்தில் இருபது, முப்பது வருடமாக விதை போட்டவர்கள், களை எடுத்தவர்கள், கதிர் அறுத்தவர்கள் அவர்கள். என்ன பயிர் என்பதை மட்டும் அதுவரை அவர்கள் முடிவு செய்ததில்லை.

“சோயா போட்டா காசு வரும். நீ கீரையும் சோளமும் போட்டு என்ன சம்பாதிக்கப்போற?” வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. கடன் வாங்கி விவசாயம் செய்கிற குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்பது விளையாட்டல்ல. எனவே கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். கடைசியில் அரை ஏக்கரோ முக்கால் ஏக்கரோ, பல நேரம் கல்லும் கரடுமாகக் கிடந்த ஓரத்துத் துண்டு கிடைக்கும். அந்தத் துண்டில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் தொடங்கினார்கள். இன்று ‘ஒரு ஏக்கர் மாதிரி’ என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது அதுதான்.

2026-ஆம் ஆண்டை உலகப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. விழாக்கள் நடக்கும், பயிற்சி முகாம்கள் பெருகும், சான்றிதழ்கள் வழங்கப்படும். அந்தச் சான்றிதழ்கள் பீரோவுக்குள் போன பிறகு வயலில் என்ன மிச்சமிருக்கும் என்பதை இப்போதே யோசிப்பது நல்லது.

ரயிலில் வந்த தண்ணீர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது மராத்வாடா. லாத்தூர், பீட், தாராசிவ் என்று இன்று அழைக்கப்படும் உஸ்மனாபாத், நாந்தேட் உட்பட 8 மாவட்டங்கள். அடுத்தடுத்து மழை பொய்த்த பிறகு, 2016 ஏப்ரலில் லாத்தூர் நகரத்துக்குக் குடிதண்ணீர் ரயிலில் வந்தது. மிரஜ்ஜில் இருந்து கிளம்பிய முதல் ரயிலில் 10 டேங்கர் பெட்டிகள், பெட்டிக்கு 50,000 லிட்டர். தண்ணீருக்காக நிற்கும் கூட்டத்தில் கைகலப்பு வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் 144 தடை உத்தரவு போடுமளவுக்கு இருந்தது நிலைமை.

இத்தனை தாகத்துக்கு நடுவிலும் அந்த மண்ணில் கரும்பு நின்றது. கரும்பு ஒரு வளர்ச்சிக் காலத்தில் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை தண்ணீர் கேட்கும். சோளத்துக்கு 450 முதல் 650 போதும். மராத்வாடாவில் வருடம் முழுக்கப் பெய்யும் மழையே ஏறக்குறைய 700 மில்லிமீட்டர்தான். அந்த மழைக்கு ஏற்றபடி சோளமும் கம்பும் துவரையும் விளைந்த நிலத்தில், பணப்பயிர் என்ற பெயரில் கரும்பும் சோயாவும் பருத்தியும் வந்து உட்கார்ந்தன. ஒரே பயிரை நம்பியவர்கள் ஒரே மழையையும் நம்ப வேண்டியதாயிற்று. மழை தப்பினால் வருமானம் போயிற்று. கடையில் தானியம் வாங்கக் காசில்லாமல் சாப்பாடும் போயிற்று.

மழை தப்பிய வருடங்களில் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டக் கிளம்புவார்கள். ‘கோய்தா’ என்றால் மராத்தியில் அரிவாள். கரும்பு வெட்டும் வேலையில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரு கோய்தா. இரண்டு பேர் உழைப்புக்கு ஒரே கணக்கு. முன்பணமும் பெரும்பாலும் ஆண் கையில்தான். சொந்த நிலத்தில் அவள் பெயர் இல்லாதது போலவே, கூலிக் கணக்கிலும் அவள் பெயர் இல்லை.

சுவரில் தொடங்கிய பாடம்

ஒரு ஏக்கர் கேட்கும் இந்தத் துணிச்சல் வயலில் பிறக்கவில்லை. அதற்கு 1993 வரை பின்னால் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 30. கணபதி விசர்ஜனம் முடிந்து ஊரே அசந்து தூங்கிய விடியற்காலையில் லாத்தூர், உஸ்மனாபாத் மாவட்டங்களைப் பூகம்பம் குலுக்கியது. கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. இறந்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். பிறகு உலக வங்கிக் கடனில் வீடுகளைச் சீரமைக்கும் பெரிய திட்டம் தொடங்கியது. உதவித்தொகை வந்ததா, வீடு பலமாகக் கட்டப்படுகிறதா என்று ஊருக்குள் பார்க்க ஆள் வேண்டுமே? அந்தப் பொறுப்பு உள்ளூர்ப் பெண்களிடம் கொடுக்கப்பட்டது. ‘சம்வாத் சகாயக்’, அதாவது ஊருக்கும் அரசுக்கும் நடுவே பேசி உதவுகிறவர் என்று அவர்களுக்குப் பெயர். முக்காடு விலகாமல் இருந்த பெண்கள் சிமென்ட் கலவையின் அளவைக் கேட்டார்கள். மூலைக்கல் கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பொறியாளரிடம் பதில் கேட்டார்கள்.

இந்தப் பெண்களோடு நின்றவர் பிரேமா கோபாலன். வீடுகள் எழுந்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து ‘ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்’ என்ற அமைப்பு 1998-ல் தனியாக உருவெடுத்தது. தானே கற்றுப் பார்ப்பது என்பது அந்தப் பெயரின் பொருள். 2001-ல் குஜராத்தைப் பூகம்பம் தாக்கியபோது லாத்தூர்ப் பெண்கள் அங்கே போனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்துக்கும் வந்தார்கள். வீட்டை இழந்த பெண்ணிடம், வீட்டை இழந்து மறுபடி கட்டிய பெண் உட்கார்ந்து பேசினாள். மொழி தெரியாத குறையை அந்த ஒற்றுமை நிரப்பியது.

அடுத்தடுத்த வறட்சிகளில் அதே பெண்கள் குழுக்கள்தான் விவசாயத்துக்குள் இறங்கின. 1993-ல் ‘சுவர் ஏன் விரிகிறது?’ என்று கேட்கக் கற்றவர்கள், ‘நம் வீட்டுக்குள் ஏன் தானியம் இல்லை?’ என்று கேட்டார்கள். பூகம்பத்துக்காகக் கொடுத்த பயிற்சி, இருபது வருடம் கழித்து வறட்சிக்கு உதவியது. யாரும் திட்டமிட்டு எழுதி வைத்த விளைவு அல்ல இது. கற்ற கையில் பொறுப்பையும் கொடுத்ததால் நிலைத்த விளைவு.

ஒரு ஏக்கரின் கணக்கு

அந்த ஒரு ஏக்கரில் என்ன நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம்.

சோளம், கம்பு, பாசிப்பயறு, உளுந்து, துவரை, எள், கீரைகள், கொடிக்காய்கள் என இருபது வகைக்கு மேலும் அந்த ஒரே துண்டில் நிற்கும். அழகுக்காக அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. ஜூனில் மழை இறங்கியதும் விதைத்தால் கீரை ஒரு மாதத்துக்குள் குழம்புக்கு வரும். பாசிப்பயறு 65 நாளில் வீடு சேரும். அதன் பின்னால் உளுந்து. சோளம் மூன்றரை மாதம். துவரை ஐந்தாறு மாதம் நிற்கும்.

ஆகஸ்ட்டில் மழை நின்றுவிட்டால்? சோயா மட்டும் போட்ட வயலில் அத்தோடு கதை முடிந்தது. இங்கே பாசிப்பயறு அதற்குள் டப்பாவுக்குள் போயிருக்கும். செப்டம்பர் கடைசியில் கொட்டித் தீர்த்தால் சோளக் கதிர் கறுக்கலாம். துவரை அப்போதுதான் பூவெடுக்கத் தயாராகும். அதன் ஆணிவேர் ஆழத்துக்குப் போகும் என்பதால், மேல்மண் காய்ந்த பிறகும் அடி ஈரத்தைப் பிடித்துக் காய்க்கும். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. சோளத்தட்டை மாட்டுக்குப் போகிறது. மாட்டுச்சாணம் மண்புழு உரமாகி வயலுக்குத் திரும்புகிறது. எந்த மழை வந்தாலும் ஏதோ ஒன்று தப்பும். எல்லாம் ஒரே நாளில் போகாது. பருவநிலையைத் தாங்கும் விவசாயம் என்பதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்.

செலவும் குறைவு. சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண் போட்டுக் கரைத்த ஜீவாமிர்தம் நம் ஊர் இயற்கை விவசாயிகளுக்கும் பழக்கமானதுதான். கடைக்குப் போகிற உரப்பணமும் மருந்துப் பணமும் மிஞ்சுகின்றன. கடன் வாங்காமல் தொடங்கிய பயிர் கருகினால் மனசு வலிக்கும்; குடும்பம் முறியாது. விவசாயிகளின் தற்கொலைகளால் பெயர் அடிபட்ட மண்ணில் அந்த வேறுபாடு மிகப் பெரிது.

முதல் வருடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், இரண்டாம் வருடம் கூட நின்று வேலை செய்கிறார். அதன் பிறகு, “அந்தப் பக்கத்துத் துண்டையும் சேர்த்துக்கயேன்” என்கிறார். ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கராக மாறுவது இப்படித்தான். 2020 ஊரடங்கில் சந்தைகள் மூடிக் கிடந்தபோது, இந்தப் பெண்களின் வீடுகளில் தானியமும் காய்கறியும் இருந்தன; அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க முடிந்தது. 2016-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது ஸ்வயம் சிக்ஷண் பிரயோக் அமைப்புக்குக் கிடைத்தது. பிரேமா கோபாலன் 2022-ல் மறைந்தார். அவர் இல்லாத பருவங்களிலும் மராத்வாடாவில் விதைப்பு நடந்துகொண்டிருக்கிறது.

கூடைக்குள் ஒரு வங்கி

மராத்வாடாவுக்குத் தெற்கே, தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் இந்தக் கதைக்கு மூத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். 1983-ல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் சங்கங்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். கூலி வேலைக்குப் போனவர்கள், அல்லது ‘இதில் புல்லும் முளைக்காது’ என்று ஒதுக்கப்பட்ட செம்மண் தரிசில் ஓரிரு ஏக்கர் வைத்திருந்தவர்கள். அந்தத் தரிசைச் சங்கமாகச் சேர்ந்து திருத்தினார்கள். குத்தகைக்கு நிலம் எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்தார்கள். ஒரே ஏக்கரில் பத்துப் பதினைந்து பயிர்களைக் கலந்து விதைத்தார்கள்.

அவர்கள் வீட்டு விதைக்கூடையைப் பார்க்க வேண்டும். மூங்கில் கூடையின் உள்ளும் புறமும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்து, அடியில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு, விதையைக் கொட்டி, மேலே மறுபடி சாம்பல் தூவி, வாயை மண்ணால் மெழுகி மூடிவிடுவார்கள். அடுத்த விதைப்புக்குத்தான் அந்த வாய் திறக்கும். விதை இல்லாத பெண் சங்கத்து வங்கியிலிருந்து கடன் வாங்கலாம். ஒரு படி வாங்கினால் அறுவடையில் இரண்டு படி திரும்பும். வட்டி பணமாக வளரவில்லை. அடுத்த பெண்ணுக்கான விதையாக வளர்ந்தது. மழை தள்ளிப்போய் முதல் விதைப்பு கருகிவிட்டால், கடைக்காரனிடம் கைநீட்டாமல் இரண்டாவது முறை விதைக்க முடிந்தது.

கற்றதைக் காப்பாற்ற அவர்கள் கண்ட இன்னொரு வழி வானொலி. 2008 அக்டோபர் 15, உலக ஊரகப் பெண்கள் தினம். அன்று மாச்சனூர் கிராமத்தில் ‘சங்கம் ரேடியோ’ ஒலிக்கத் தொடங்கியது. நடத்துகிறவர்கள் அதே பெண்கள். எந்தத் தானியத்தை எப்போது விதைப்பது, எந்த இலை எந்தப் பூச்சிக்கு என்பதைத் தங்கள் தெலுங்கில், தங்கள் குரலில் பேசுகிறார்கள். 2019-ல் இவர்களுக்கும் ஈக்வேட்டர் விருது கிடைத்தது. உலகம் 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, ஜஹீராபாத்தில் அது நாற்பது வருடத்துப் பழக்கமாக இருந்தது.

ஆந்திரத்தில் அரசே இந்த வழியை எடுத்திருக்கிறது. 2016-ல் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டத்தின் முதுகெலும்பு மகளிர் சுயஉதவிக் குழுக்கள். சொந்த வயலில் செய்து காட்டிய விவசாயிதான் அடுத்த ஊருக்குப் பயிற்றுநர். பருவமழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில், மண்ணும் சாம்பலும் பூசி உருண்டையாக்கிய பலதானிய விதைகளைத் தூவுகிறார்கள். வரும் சிறு தூறலையும் பனி ஈரத்தையும் பிடித்து அவை முளைக்கின்றன. கோடையிலும் மண்ணை மூடி வைக்கின்றன. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு லிஸ்பனில் குல்பென்கியன் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது.

உரல் சொன்ன பாடம்

எல்லாப் பயிற்சியும் இப்படி நிலைப்பதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள நம் கொல்லிமலைக்குப் போக வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. மழை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தாங்குபவை. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி அந்த நிலங்களைப் பிடித்தது. மரவள்ளிக்குக் காசு வந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உரலுக்குள் இருந்தது. சாமையின் உமி லேசில் போகாது. ஒரு வேளைச் சோற்றுக்காக உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, மறுபடி புடைக்க வேண்டும். வயலில் வேலை செய்துவிட்டு வந்த பெண்தான் அதையும் செய்தாள். சாமையை விட்டுவிட அவளுக்கு உடம்பே காரணம் சொல்லியது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தபோது, நல்ல விதையும் சாகுபடி முறையும் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. உமி நீக்கும் எந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்து குழுக்களின் பொறுப்பில் விட்டது. மாவாகவும் அரிசியாகவும் விற்கச் சந்தைக்கு வழி தேடியது. உரலின் பாரம் இறங்கினால்தான் சாமை வயலில் ஏறும் என்பது அங்கே புரிந்தது.

பெண்களுக்கான எந்தப் பயிற்சிக்கும் இதை உரைகல்லாக வைக்கலாம். கற்றுக்கொடுப்பது அவள் வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? ஜீவாமிர்தம் கரைப்பதும் மண்புழுத் தொட்டிக்குத் தண்ணீர் தெளிப்பதும் கீரைப் பாத்திக்குக் களை எடுப்பதும் அவள் தலையிலேயே விழுந்து, விளைந்ததை விற்ற காசு வேறு கைக்குப் போனால், மூன்றாவது வருடம் அவள் நிறுத்திவிடுவாள். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக்கூடாது.

முட்டை மிதந்த அண்டா

தமிழ்நாட்டுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பெரிய அனுபவம் உண்டு. இன்று பலருக்கு மறந்துபோயிருக்கும். 1986-ல் டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு வேளாண்மைத் துறை தொடங்கிய ‘தான்வா’ என்கிற பண்ணை மகளிர் பயிற்சித் திட்டம். ஆண் அலுவலர்கள் வயலுக்கு வந்தால் ஆண்களோடு பேசிவிட்டுப் போகிறார்கள், பாதிக்கு மேல் வேலை செய்கிற பெண்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்பதைக் கண்டு, பெண் வேளாண் அலுவலர்களையே கிராமத்துக்கு அனுப்பினார்கள். சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு ஊரிலேயே பயிற்சி. கற்றவர்கள் பக்கத்து வயல்காரப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை இந்தத் திட்டம் மாநிலம் முழுக்க நடந்தது.

மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படியொரு பயிற்சியில் உட்கார்ந்தவர். ஐந்து நாள், மாரியம்மன் கோயில் மண்டபத்தில். அதில் கற்ற ஒன்றை இன்றுவரை அவர் விட்டதில்லை.

சம்பா விதைப்புக்கு முந்தைய நாள் வாசலில் அண்டா வரும். பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, கைகையாகக் கல்லுப்பைப் போட்டுக் கரைப்பார். நடுநடுவே ஒரு கோழிமுட்டையை உள்ளே விடுவார். முதலில் முட்டை அடியில் போய்ப் படுக்கும். இன்னும் உப்பு. நிமிர்ந்து நிற்கும். இன்னும் உப்பு. மேலே வந்து, நாலணாக் காசு அகலத்துக்கு முதுகைக் காட்டியதும், “போதும்” என்பார். முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டுவார். பதரும் அரைவயிற்று நெல்லும் மிதக்கும். கனத்த விதை அடியில் தங்கும். மிதந்ததை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு, நல்ல விதையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவார். கனத்த விதையில் வந்த நாற்றுக்கு வேர் பலம், மழையோ வெயிலோ முதல் அடியைத் தாங்கும் என்று எங்களுக்கும் சொல்லித் தந்திருக்கிறார். தெருவில் பாதி வீடுகளில் இன்று முட்டை மிதக்கிறது என்றால் அது அவர் வேலை.

அதே பயிற்சியில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சம்பாவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் 45 நாளில் மடக்கி உழ வேண்டும். மண்ணில் தழைச்சத்து ஏறும், மண் பொலபொலப்பாகி ஈரம் பிடிக்கும், உவர்ப்பும் குறையும். பயிற்சி முடிந்த அன்று இரவே பெரியப்பாவிடம் சொன்னாராம். “மாடு மேயற நேரத்துல பூண்டு விதைக்கிறதாவது” என்று பெரியப்பா எழுந்து போய்விட்டார். அடுத்த வருடமும் சொன்னார். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

ஒரே பயிற்சி, ஒரே பெண், ஒரே ஐந்து நாள். ஒன்று ஊரெல்லாம் பரவியது, மற்றொன்று மண்டபத்தோடு நின்றது. விதையைத் தேர்வது வாசலில் நடக்கிற வேலை. அது பெரியம்மாவின் கையில் இருந்தது. வயலில் எதை விதைப்பது என்பது அவர் கையில் இல்லை. பயிற்சிகள் ஏன் நிலைக்கின்றன, ஏன் கரைகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

பட்டாவில் இல்லாத பெயர்

கிராமத்தில் வேலைக்குப் போகும் பெண்களில் நான்கில் மூன்று பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலத்தைக் கையாள்பவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறக்குறைய 14 சதவீதம். இந்த இடைவெளிக்குள்தான் பயிற்சிகள் விழுந்து தொலைகின்றன.

பட்டா இல்லையென்றால் பயிர்க்கடன் கடினம். அடங்கலில் பெயர் இல்லையென்றால் பயிர்க் காப்பீடு கடினம். வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி நிதியும் நில உடைமை வைத்துத்தான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோது, நிவாரணப் பட்டியலும் நில ஆவணத்தைத்தான் தேடியது. கணவர் வெளியூருக்குப் போய்விட, வயலைத் தனியாகச் சுமந்த பெண்ணால், தன் பயிர் கருகியதைத் தன் பெயரில் சொல்ல முடியவில்லை.

மகளுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. மத்திய சட்டம் அதற்குப் பதினாறு வருடம் கழித்து, 2005-ல்தான் திருத்தப்பட்டது. சட்டம் முன்னால் வந்தும், ‘அண்ணன் தம்பியோடு மனஸ்தாபம் எதற்கு’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரும் மகள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சீர் என்று வாங்கிய பானைகளும் பட்டுப்புடவையும் அந்த நிலத்துக்கு ஈடாகிவிட்டன.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் இதற்கொரு வழி சொன்னார். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 2012-ல் பெண் விவசாயிகள் உரிமை மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிலம் பெயரில் இருக்கிறதோ இல்லையோ, உழைக்கிற பெண்ணுக்கு ‘பெண் விவசாயி’ என்று ஊர் அளவிலேயே சான்றிதழ் தர வேண்டும், அதைக் காட்டிக் கடனும் பயிற்சியும் தண்ணீரும் அவளால் பெற முடிய வேண்டும் என்றது அந்த மசோதா. அது நிறைவேறாமல் காலாவதியானது. பசுமைப் புரட்சியின் முகமாக இருந்தவர், தன் கடைசிக் காலங்களில் நெல் ரகத்தைப் பற்றிப் பேசிய அதே அக்கறையோடு இதைப் பேசினார். பெண் விவசாயிகள் ஆண்டில் அந்த மசோதாவின் தூசியைத் தட்டி எடுத்தால், அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

சில நல்ல அடிகள் இங்கே எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடி பெண் விவசாயக் கூலிகள் நிலம் வாங்க, மதிப்பில் 50 சதவீதம் அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தரும் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ தமிழ்நாட்டில் இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு, 2025 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. இந்தத் திட்டங்களும் விவசாயப் பயிற்சிகளும் வெவ்வேறு அலுவலகங்களில், ஒன்றையொன்று பார்க்காமல் நடக்கின்றன. இரண்டும் ஒரே கூட்டத்தில், ஒரே பெண்ணிடம் வந்து சேர வேண்டும். பயிற்சி முகாமில் மண் மாதிரி எடுப்பது எப்படி என்று சொல்லித்தரும்போது, கூட்டுப் பட்டாவுக்கு மனு எழுதுவது எப்படி என்பதும் ஒரு வகுப்பாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு ஏக்கர் கேட்பது எப்படி என்று மராத்வாடாப் பெண்கள் கற்றது போல இங்கேயும் கற்க வேண்டும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நாம் சொல்லி வளர்ந்தோம். இப்போது ஆடியில் மழை வருமா என்று தெரியவில்லை. வந்தால் ஊரை அடித்துக்கொண்டு போகுமோ என்றும் தெரியவில்லை. பட்டத்தைத் தேட முடியாத காலத்தில், நின்று யோசித்து, மாற்றி விதைக்கத் தெரிந்தவள் வேண்டும். மாற்றி விதைக்க அவளுக்கு அதிகாரமும் வேண்டும்.

பெரியப்பா காலமாகி, வாரிசு வேலையெல்லாம் முடிந்து, பட்டா பெரியம்மா பெயருக்கு மாறியது 2022-ல். அடுத்த கோடையில் நான் போயிருந்தபோது வயலில் இடுப்பளவுக்குப் பச்சையாக ஏதோ நின்றது. ஊடே ஊடே மஞ்சள் பூ. தக்கைப்பூண்டு. எழுபது வயதுக்கு மேலாகிறது அவருக்கு. வரப்பில் குந்தியிருந்தவர், உழ வரும் டிராக்டருக்காகக் காத்திருந்தார்.

“யாரு பெரியம்மா இதைச் சொல்லிக்கொடுத்தா?”

“கோயில் மண்டபத்துல சொன்னதுதான்டா. அன்னைக்கே தெரியும் எனக்கு.”

முப்பது வருடம் அந்தப் பாடம் அவருக்குள் முளைக்காமல் காத்திருந்திருக்கிறது. இன்றைக்கு ஏதோ ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கும் பெண்ணை நாம் அவ்வளவு காலம் காக்க வைக்கக்கூடாது.